செத்துக் கிடக்கும் பழைய ஒசிலோஸ்கோப்: மின்வழங்கிப் பழுதைக் கண்டுபிடிக்கும் முழு வழி

பழைய ஒசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி), பெஞ்ச் மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், எதுவானாலும் சரி, சுவிட்சைப் போட்டதும் சின்ன விளக்குகூட எரியவில்லை என்றால் சந்தேகம் முதலில் பவர் சப்ளை மேல்தான் விழும். உடனே உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் அத்தனையையும் கழற்றி மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். அதைச் செய்யாதீர்கள். முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: கெட்டது மின்வழங்கியா, அது மின்சாரம் கொடுக்கிற போர்டா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் ஈயத்தை உருக்கத் தொடங்கினால் நாற்பது வருடப் பழைய போர்டின் செப்புப் பட்டை உரிந்து, ஒரு பழுது மூன்றாகிவிடும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் டிவி, இன்வெர்ட்டர், தேயிலை ஸ்டோரின் கலர் சோர்ட்டர் போர்டு என்று வேலை செய்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். புது ஸ்கோப் விலைக்குப் பழையது ஒன்றை எழுப்பிக்கொள்வது இன்னமும் லாபம்தான். அதோடு அந்தக் காலத்து டெக்ட்ரோனிக்ஸ், எச்பி கருவிகளின் சர்வீஸ் மேனுவலில் சர்க்கிட் படம், வோல்டேஜ் எல்லாம் இருக்கும். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். மேனுவலை இறக்கிய பிறகு ஸ்குரூ டிரைவரை எடுங்கள்.

வெளியே இருந்து தொடங்குங்கள்

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 6 சதவீதம் கூடிக் குறையலாம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. லக்சபானவில் 1950-இல் இருந்தே நம் மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் தோட்டத்து லைனின் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்து லயத்தில் பின்னேரம் ஏழு மணிக்கு மீட்டரை வைத்தால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்துகிற ரெகுலேட்டர் பிடி விட்டுவிடும், திரையில் கோடு நடுங்கும். அது கருவியின் பழுதே இல்லை. ஆகவே முதல் அளவை பிளக் பொயின்ட்டிலேயே எடுங்கள், அதுவும் பிரச்சினை வருகிற அதே நேரத்தில்.

அடுத்தது கருவியின் முதுகு. வோல்டேஜ் தெரிவு சுவிட்ச் அல்லது சொருகுகட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வந்தது 115-இலும் ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தது 100-இலும் நிற்கலாம். ஜப்பான் கருவிகள் சிலவற்றில் 230-க்கு மாற்ற வழியே இராது, தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். 220, 240 என்று இரண்டு நிலை இருந்தால் உங்கள் இடத்து அளவுக்கு எது கிட்டவோ அதில் வையுங்கள். 115-இல் இருந்து 230-க்கு மாற்றினால் பியூஸ் அளவும் ஏறக்குறையப் பாதியாகவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏர்த் கம்பியும் முக்கியம். இரண்டு பின் அடாப்டரை நடுவில் போட்டு ஸ்கோப்பை ஓட்டுவது ஆபத்து. லயத்து அறைகளில் மூன்று ஓட்டை பிளக் பொயின்ட் இருந்தாலும் பின்னால் ஏர்த் வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளந்து பாருங்கள், 230-க்குக் கிட்ட வரவேண்டும்.

பழுது எப்போது வந்தது என்றும் கேளுங்கள். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடி மின்னலோடு வந்தது என்றால் முன்பக்கம், அதாவது ஃபில்டர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோட்), ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வருகிற உதையும் அப்படித்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வெட்டிய காலத்தை மறக்கமுடியுமா? கரண்ட் போனால் கருவியை ஓஃப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வந்த பிறகு ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

உயிர்

ஸ்விட்சிங் மின்வழங்கி, அதாவது எஸ்எம்பிஎஸ் உள்ள கருவியில் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும் (230-ஐ 1.414-ஆல் பெருக்குங்கள்). பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நன்றாக இன்சுலேஷன் போட்ட இரண்டு வயர் வைத்து, அதன் மூலம் இறக்குங்கள். 470 மைக்ரோஃபரட் என்றால் அரை நிமிடம் பிடிக்கும். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் செய்து பொறி பறக்கவிடுவது வேண்டாம்.

ஸ்கோப்பின் திரைக் குழாய்ப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட். இந்த வேலைக்கு அங்கே கை வைக்கவேண்டிய தேவையே இல்லை. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருப்பது நல்லதுதான், ஆனால் ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது காப்பாற்றாது.

இன்னொன்று, இன்னொரு ஸ்கோப்பை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பக்கத்தை அளக்கப் போகிறவர்களுக்கு: புரோபின் கிளிப் ஏர்த்தோடு சேர்ந்தது. அதை பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற நெகடிவில் மாட்டினால் வெடி. ஸ்கோப்பின் ஏர்த்தைப் பிடுங்கிவிட்டு அளப்பது தீர்வு இல்லை, அப்போது ஸ்கோப்பின் உடம்பே லைனாகிவிடும். பழுதான கருவியை ஐசொலேஷன் டிரான்ஸ்போமரில் (லைனோடு நேர்த் தொடுப்பு இல்லாமல் மின்சாரம் கொடுப்பது) போட்டு அளக்கவேண்டும். அதற்குப் பின்னால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி, ஈரம், கண், மூக்கு

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. குளிர் அறையில் கிடந்த கருவியை அடுப்புச் சூடு உள்ள அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். வந்த கையோடு கரண்ட் கொடுக்காதீர்கள். மூடியைக் கழற்றி ஒரு இரவு வையுங்கள். மழைக்காலத்தில் என்றால் பக்கத்தில் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டுக் காயவையுங்கள்.

காய்ந்ததும் பார்க்கவேண்டியதில் முதலாவது பியூஸ். கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசியதுபோல் இருந்தால் நேர் ஷோர்ட். கம்பி நடுவில் சும்மா அறுந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் சுமை, அல்லது வயது. ஒரு தரம் மட்டும் அதே அளவு புது பியூஸ் போட்டுப் பார்க்கலாம், அதுவும் கீழே சொல்கிற சீரிஸ் பல்ப்போடு. வெள்ளிக் கடதாசி சுற்றுவது, பெரிய பியூஸ் போடுவது பற்றி நான் பேசவே போவதில்லை.

இரண்டாவது, மெயின் வருகிற இடத்தில் இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர். 1970, 80-களின் கருவிகளில் ரிஃபா என்று பெயர் போட்ட, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவுகிற கட்டை ஒன்று இருக்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதம். வருடம் போகப் போக வெளி உறை மயிர்க்கோடாக வெடித்து, ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? பிறகு ஒரு நாள் 'பட்' என்று வெடித்து அறை முழுக்கப் புகை, சகிக்கமுடியாத நாற்றம். பயமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் வேறு சேதம் இராது. கெப்பாசிட்டர்களைச் சோதிக்காமலே மாற்றலாம் என்று நான் ஒத்துக்கொள்கிற ஒரே இடம் இதுதான். 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல், எக்ஸ்2 என்று அச்சிட்டதையே போடுங்கள். லைனில் இருந்து ஏர்த்துக்குப் போகிறவை ஒய்2 வகையாக இருக்கவேண்டும். சாதாரண கெப்பாசிட்டர் அங்கே கூடாது.

போர்டில் மண் நிறமாகக் கருகிய இடம், ரெகுலேட்டரின் காலைச் சுற்றி வட்டமாக வெடித்த ஈயம், பச்சை பிடித்த கனெக்டர், இவையும் கண்ணுக்கே தெரியும். பெரிய ஹீட்சிங்க் தாங்குகிற கால்களில் ஈயம் வெடிப்பது வெகு சாதாரணம்.

சீரிஸ் பல்ப்

ஒரு குண்டு பல்ப் ஹோல்டரை லைன் கம்பியில் சீரிஸாகப் போட்டு ஒரு பலகையில் கட்டிவையுங்கள். எல்இடி, சிஎஃப்எல் உதவாது, இழை எரிகிற பழைய பல்ப்தான் வேண்டும். கருவியின் முதுகில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ, அதற்குச் சமம் அல்லது கொஞ்சம் கூடியது போடுங்கள். உள்ளே நேர் ஷோர்ட் இருந்தாலும் 100 வாட் பல்ப் 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது, மிச்சம் எல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு தரம் மின்னி மங்கினால் நேர் ஷோர்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷோர்ட், உடனே ஓஃப் செய்யுங்கள். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது: வயர், பியூஸ், சுவிட்ச், டிரான்ஸ்போமருக்குள் புதைத்த வெப்ப பியூஸ். எஸ்எம்பிஎஸ் என்றால் விட்டு விட்டு மின்னலாம், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல்ப் சீரிஸில் இருக்கும்வரை கருவிக்கு முழு வோல்டேஜ் போகாது என்பதால் ரெயில் (மின்வழங்கியில் இருந்து போர்டுக்குப் போகிற ஒவ்வொரு டிசி வழி) வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்று பதறவும் வேண்டாம்.

லீனியர் மின்வழங்கி: டிரான்ஸ்போமரில் இருந்து வெளியே

கனமான டிரான்ஸ்போமர் இருந்தால் பெரும்பாலும் லீனியர், அதாவது ஸ்விட்சிங் இல்லாத வகை. பிளக் பிடுங்கி, சுவிட்சை ஓனில் வைத்து, பிளக்கின் லைன்-நியூட்ரல் பின்களில் ஓம் பாருங்கள். சில பத்து ஓம் வந்தால் பிரைமரி முழுசாக இருக்கிறது. சுருள்களுக்குள் ஷோர்ட் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் செகண்டரி வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சீரிஸ் பல்ப்பில் போடுங்கள். வெறும் டிரான்ஸ்போமருக்குப் பல்ப் நன்றாக எரிந்தால் டிரான்ஸ்போமர் போய்விட்டது. நல்லவேளை, இது அபூர்வம்.

பிரிட்ஜை டயோட் ரேஞ்சில் பாருங்கள். ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7, மறுபக்கம் ஒன்றுமில்லை. இரு பக்கமும் பூச்சியம் என்றால் ஷோர்ட்.

இப்போது கரண்ட் கொடுத்து, பிரிட்ஜுக்குப் பின்னால் பெரிய கெப்பாசிட்டரில் டிசி அளங்கள். என்ன வரவேண்டும் என்று முதலே கணக்குப் போட்டு வையுங்கள். செகண்டரி 9 வோல்ட் ஏசி என்றால் 9 பெருக்கல் 1.414, அதில் இரண்டு டயோடுக்கு 1.4 கழித்தால் உச்சம் சுமார் 11.3. இங்கே நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது. 5 வோல்ட் ரெயில் 1 ஆம்பியர் இழுக்கிறது, கெப்பாசிட்டர் 4700 மைக்ரோஃபரட் என்று வையுங்கள். இரண்டு உச்சங்களுக்கு இடையில் வோல்டேஜ் சுமார் 2 வோல்ட் இறங்கும், அடி 9-க்கு மேலே நிற்கும். 7805-க்கு 7 போதும், பிரச்சினை இல்லை. அதே கெப்பாசிட்டர் வற்றி 1000 ஆனால் அடி 5-க்கும் கீழே போகும். அப்போது 5 வோல்ட் ரெயில் வினாடிக்கு நூறு தரம் பள்ளத்தில் விழும். மீட்டர் சராசரியைக் காட்டுவதால் கொஞ்சம்தான் குறைவாகத் தெரியும். கருவியோ பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும்.

ஸ்கோப்பே செத்துக் கிடக்கும்போது இந்த அலையை எப்படிப் பார்ப்பது? மீட்டரின் ஏசி ரேஞ்ச் போதும். உச்சத்துக்கும் அடிக்கும் 2 வோல்ட் என்றால் மீட்டர் ஏறக்குறைய 0.6 காட்டும். ஆனால் சில மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் காட்டும். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஏசி ரேஞ்சில் அளங்கள். பூச்சியம் வராவிட்டால், தகுந்த வோல்டேஜ் தாங்கும் 1 மைக்ரோஃபரட் ஃபில்ம் கெப்பாசிட்டர் ஒன்றை சிவப்பு வயரோடு சீரிஸில் சேர்த்து அளங்கள். மீட்டரில் ஹேர்ட்ஸ் ரேஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது: 100 ஹேர்ட்ஸ் என்றால் பிரிட்ஜ் சரி, 50 என்றால் ஒரு பக்கத்து டயோட் அறுந்திருக்கிறது. கெப்பாசிட்டரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பிறகு ரெகுலேட்டர். எழுத்து உங்களைப் பார்க்கப் பிடித்தால் 7805, 7812 ஆகியவற்றில் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. நெகடிவ் குடும்பமான 7905, 7912-இல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. அதன் உலோக முதுகு கிரவுண்ட் அல்ல, உள்ளீடு. மைக்கா தாள் இல்லாமல் ஹீட்சிங்கில் முறுக்கினால் அவ்வளவுதான்.

உள்ளீடு நன்றாக இருந்து வெளியீடு குறைந்தால் சூட்டைப் பாருங்கள். ரெகுலேட்டர் கொதித்தால் வெளியே யாரோ அதிகமாக இழுக்கிறார்கள். குளிர்ந்து கிடந்தால் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது அதன் கிரவுண்ட் கால் விட்டிருக்கிறது. வெளியீடு கூடியிருந்தால் உடனே ஓஃப் செய்யுங்கள். 2என்3055 மாதிரி சீரிஸ் டிரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால் உள்ளீடு அப்படியே வெளியே போகும். பழைய 74 வரிசை சிப் தாங்கும் உச்சம் 7 வோல்ட், வேலை செய்யவேண்டிய எல்லை 4.75 முதல் 5.25. சில கருவிகளில் இதற்குக் காவலாக ஒரு எஸ்சிஆர் இருக்கும், வோல்டேஜ் ஏறினால் ரெயிலை ஷோர்ட் செய்து பியூஸை எரிக்கும். பியூஸ் எரிவதைப் பார்த்துவிட்டு அந்த எஸ்சிஆரைக் கழற்றி எறிந்து கருவியை ஓட்டினால் மிச்ச சிப்புகளும் போய்விடும்.

ஒரு ரெயில் மற்றதைப் பார்த்து நிற்கிற அமைப்பும் உண்டு. 1972-இல் வந்த டெக்ட்ரோனிக்ஸ் 465-இல் +55 வோல்ட்தான் தலைமகன். -8, +5, +15, +110 எல்லாம் அதை அளவுகோலாக வைத்தே நிற்கின்றன. +55 சரிந்தால் எல்லாமே சரியும். நான்கு ரெயிலும் சேர்ந்து பிழையானால் நான்கையும் துரத்தாமல், மேனுவலில் எது ரெஃபரன்ஸ் என்று தேடி அதை முதலில் சரிக்கட்டுங்கள்.

பிரித்தல்

ரெயில் ஒன்று பூச்சியத்துக்குக் கிட்ட விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். மின்வழங்கியில் இருந்து போர்டுக்குப் போகிற கனெக்டரைக் கழற்றுங்கள். கனெக்டர் இல்லாவிட்டால் ஜம்பர் வயர் அல்லது ஒரு சுருளின் ஒரு காலைத் தூக்குங்கள். இப்போது ரெயில் எழுந்தால் பழுது போர்டில். எழாவிட்டால் மின்வழங்கியில்.

ஆனால் சும்மா எழுந்ததை வைத்து மின்வழங்கி நல்லது என்று சொல்லிவிடாதீர்கள், சுமை கொடுத்துப் பாருங்கள். 5 வோல்ட்டுக்கு 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டால் 1 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு ஆட்டோவின் 10 வாட் சிக்னல் பல்ப் போதும், 0.8 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். வெளிச்சம் ஆடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

போர்டு பக்கம் ஷோர்ட் என்றால் முதல் கைதி டேண்டலம் கெப்பாசிட்டர். மழைத்துளி வடிவில், நிறப் புள்ளியோடு சிப்புகளுக்குப் பக்கத்தில் டசின் கணக்கில் நிற்கும். எலக்ட்ரோலிட்டிக் வற்றிச் சாகும், டேண்டலம் ஷோர்ட் ஆகிச் சாகும். எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றத் தேவையில்லை. கருவியை ஓஃப் செய்துவிட்டு, கரண்ட் எல்லை வைக்கக்கூடிய வேறு சப்ளையில் இருந்து 1 வோல்ட்டுக்குள், 1 ஆம்பியர் எல்லையோடு அந்த ரெயிலுக்குக் கொடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பைக் கிரவுண்டில் பிடித்து, சிவப்பை ரெயில் நெடுக நகர்த்துங்கள். கரண்ட் ஷோர்ட்டை நோக்கி ஓடுவதால் மில்லிவோல்ட் இறங்கிக்கொண்டே போகும். எங்கே மிகக் குறைவோ அங்கே குற்றவாளி. மீட்டர் பிடிபடாவிட்டால் பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் போர்டில் லேசாகத் தடவுங்கள், சூடான இடம் முதலில் உலரும். தீப்பிடிக்கும் திரவம், நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.

மாற்றும்போது ரெயிலின் இரண்டு மடங்கு தாங்கும் அளவு போடுங்கள், 15 வோல்ட் ரெயிலுக்கு 35. டேண்டலத்தில் குறி இருக்கிற பக்கம் பொசிடிவ், எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு இருக்கிற பக்கம் நெகடிவ். மாறிப் போட்டால் டேண்டலம் தீப்பற்றும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எச்பி 3478ஏ போன்ற மல்டிமீட்டர்களில் கலிபிரேஷன் எண்களை ஒரு சின்ன லித்தியம் பேட்டரி பிடித்துவைத்திருக்கிறது. பழசு என்று அதைக் கழற்றினால் அந்த எண்கள் அழிந்துவிடும், திரும்ப எடுக்க லேப் வேண்டும். மின்வழங்கி வேலையின்போது அதன் பக்கமே போகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் என்றால்

இங்கே கேள்வி பெரிய கெப்பாசிட்டரில் 325 இருக்கிறதா என்பது. இல்லை என்றால் பியூஸ், என்டிசி (சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்), பிரிட்ஜ். பியூஸ் கறுத்திருந்தால் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் ஷோர்ட்டாக இருக்கும், அதை மட்டும் மாற்றிப் போட்டால் மறுபடியும் வெடிக்கும். அதன் பக்கத்துச் சின்ன ரெசிஸ்டர், டயோட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டே போடுங்கள்.

325 இருந்தும் உயிர் இல்லை என்றால் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர், அதாவது கன்ட்ரோல் சிப்பை எழுப்ப முதல் கரண்ட் கொடுப்பது. நூற்றுக்கணக்கான கிலோ ஓம் அளவில், வருடக்கணக்கில் உயர் வோல்டேஜைத் தாங்கித் தாங்கி அறுந்திருக்கும். அதுவும் சரி என்றால் கன்ட்ரோல் சிப்புக்குப் பக்கத்தில் 10 முதல் 47 மைக்ரோஃபரட் வரையான சின்ன எலக்ட்ரோலிட்டிக். சூட்டில் வற்றி, கருவி குளிரில் எழாமல் கொஞ்சம் சூடான பிறகு எழுந்தால் இதுதான் என்று பந்தயமே கட்டலாம். 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் மின்வழங்கி எழப் பார்த்து விழுகிறது: வெளிப்பக்கம் டயோட் ஷோர்ட், அல்லது போர்டில் அதே டேண்டலம் கதை. சுமையே இல்லாமல் சில எஸ்எம்பிஎஸ் எழாது, ஆகவே போர்டைக் கழற்றினால் டம்மி சுமை கட்டாயம்.

சாமான்

கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். 2என்3055 வாங்கும்போது போலி நிறைய என்பதை மனதில் வையுங்கள், தகடு மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள். பஸ் செலவு மிச்சம் என்றால் பழைய டிவி, செத்த யூபிஎஸ் போர்டுகளில் டயோட், பிரிட்ஜ், ஹீட்சிங்க், மைக்கா எல்லாம் கிடைக்கும். அதில் இருந்து எலக்ட்ரோலிட்டிக் மட்டும் எடுக்காதீர்கள், அதுவும் உங்கள் ஸ்கோப் அளவுக்குச் சூடு தின்றதுதான். 105 பாகை என்று போட்டதைப் புதிதாக வாங்குங்கள்.

மூடி போடும் முன்

சீரிஸ் பல்ப்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு ரெயிலையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குள் இருந்தால் ட்ரிம்மரை (வோல்டேஜைத் திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) தொடவேண்டாம். ரெஃபரன்ஸை ஒரு துளி நகர்த்தினாலும் நேர அளவு, உயர அளவு எல்லாம் சேர்ந்து நகரும், பிறகு முழுக் கலிபிரேஷன். அலை அளவையும் ஒருதரம் எழுதிவையுங்கள். பிளக்கின் ஏர்த் பின்னில் இருந்து பெட்டியின் உலோகத்துக்கு அரை ஓமுக்குள் வரவேண்டும்.

இரண்டு மூன்று மணி நேரம் மூடியோடு ஓடவிட்டு, மறுபடி அளங்கள். கடைசிச் சோதனை மறுநாள் விடிகாலை, கருவி முழுக்கக் குளிர்ந்து பனி இறங்கியிருக்கும் நேரத்தில். அப்போது முதல் தட்டிலேயே எழுந்து, ரெயில்கள் அதே எண்ணில் நின்றால் ஸ்குரூவை முறுக்கலாம். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு தரமாவது ஒரு மணி நேரம் போட்டுவிடுங்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.